லேசர் ஆய்வகத்துக்கான காகிள்ஸ்: எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது

லேசர் இயற்பியலில் ஆய்வு மாணவராகச் சேர்பவரின் முதல் இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அலைன்மென்ட்டில் போகும். மிரர் மவுண்டின் திருகை இம்மியளவு திருப்பி, லேசர் கற்றை ஐரிஸ் என்னும் சிறு துளைத் தடுப்பின் நடுவே விழுகிறதா என்று பார்த்து, அடுத்த மிரருக்கு நகரும் வேலை. அந்த நேரம் முழுவதும் முகத்திலேயே இருக்கவேண்டிய கருவி காகிள்ஸ். லேசருக்குப் பல லட்சம் செலவழிக்கும் ஆய்வகங்கள்கூட, கொள்முதல் பட்டியலின் கடைசி வரியில் 'லேசர் காகிள்ஸ் – 2' என்று எழுதி விஷயத்தை முடித்துவிடுகின்றன. எந்த அலைநீளம், எந்த வகைத் துடிப்பு (பல்ஸ்), அதை யார் அணியப்போகிறார்கள் என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தேவையான ஓ.டி. (ஆப்டிகல் டென்சிட்டி, அதாவது ஒளியைத் தடுக்கும் அளவு) கிடைத்துவிட்டால், அதற்கு மேல் கொடுக்கும் பணத்தை இன்னும் பெரிய ஓ.டி. எண்ணுக்குக் கொடுக்காதீர்கள். கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் வருகிறது, முகத்தில் எப்படிப் பொருந்துகிறது என்ற இரண்டுக்கும் கொடுங்கள். ஆய்வக விபத்து அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே காட்சிதான்: அலைன்மென்ட் நடக்கிறது, காகிள்ஸ் ஆணியில் தொங்குகிறது, அல்லது நெற்றியில் ஏறியிருக்கிறது. அதைக் கழற்றியவருக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. போட்டுக்கொண்டால் எதுவும் தெரியவில்லை என்பதால்தான் கழற்றினார்.

ஓ.டி. என்பது மடக்கைக் கணக்கு. ஓ.டி. 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி கடக்கும், ஓ.டி. 6 என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தேவையான எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. பல கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும், ஆற்றலைச் சேர்த்துக் குறுந்துடிப்பாக விடும் கியூ-சுவிட்ச் என்டி-யாக் லேசரை எடுத்துக்கொள்வோம்: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 1064 நானோமீட்டர், துடிப்புக்கு 100 மில்லிஜூல், 10 நானோவிநாடி, விநாடிக்கு 10 துடிப்பு. இந்த அலைநீளத்தில் ஒற்றை நானோவிநாடித் துடிப்புக்குக் கண் தாங்கும் வரம்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மைக்ரோஜூல். விரிந்த கண்பாவைக்கு 7 மில்லிமீட்டர் விட்டம் என்று வைப்பது மரபு, பரப்பு 0.385 சதுர சென்டிமீட்டர். ஆக, கண்ணுக்குள் போகலாம் என்பது 0.77 மைக்ரோஜூல். 100 மில்லிஜூலை இதனால் வகுத்தால் சுமார் 1.3 லட்சம் வரும். அதன் மடக்கை 5.1. மீண்டும் மீண்டும் விழும் துடிப்புகளுக்கான திருத்தத்துக்கும் இடம்விட்டு ஓ.டி. 6 வாங்கலாம்.

அதே லேசரில் அலைநீளத்தைப் பாதியாக்கும் கே.டி.பி. படிகத்தைப் போட்டு 532 நானோமீட்டர் பச்சை ஒளியை எடுத்தால் ஆற்றல் பாதியாகிவிடும், 50 மில்லிஜூல் என்று வையுங்கள். ஆற்றல் குறைந்தால் காகிள்ஸும் எளிதாகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பச்சையில் கண்ணின் வரம்பு பத்து மடங்கு குறைவு: சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோஜூல். கணக்கு 5.8க்குப் போகிறது, திருத்தம் சேர்த்தால் 6ஐத் தாண்டும். பச்சைக்கு ஓ.டி. 7 கேளுங்கள். இன்னொரு விஷயம்: இந்த வரம்புகள் 2014இல் வந்த சர்வதேசத் தரப் பதிப்பில் இறக்கப்பட்டன, அதற்கு முன் இவை 5, 0.5 மைக்ரோஜூல். ஆய்வகக் கணினியில் யாரோ சீனியர் விட்டுப்போன பழைய எக்ஸெல் கோப்பு இருந்தால், அதில் உள்ள வரம்பு எந்த ஆண்டினுடையது என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, காகிள்ஸின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பது. அமெரிக்க முறையில் அலைநீளமும் ஓ.டி.யும் இருந்தால் போதும். ஐரோப்பிய ஈ.என். 207 முறை இன்னொரு கேள்வியும் கேட்கிறது: நேரடிக் கற்றை விழுந்தால் அந்தக் காகிள்ஸ் உருகாமல், துளையாகாமல் 5 விநாடி தாங்குமா? தாங்கும் அளவை எல்.பி. 1 முதல் எல்.பி. 10 வரை குறிக்கிறார்கள். முன்னால் வரும் எழுத்து லேசரின் வகை: டி என்றால் தொடர் கற்றை, ஐ என்றால் மைக்ரோவிநாடிக்கு மேற்பட்ட துடிப்பு, ஆர் என்றால் நானோவிநாடித் துடிப்பு, எம் என்றால் ஒரு நானோவிநாடிக்கும் குறைந்த துடிப்பு. மேலே சொன்ன 100 மில்லிஜூல் கற்றை 6 மில்லிமீட்டர் அகலம் என்றால் ஆர் வகையில் எல்.பி. 6 தேவைப்படும். 5 விநாடியில் விழும் 50 துடிப்புகளுக்கான திருத்தத்தைச் சேர்த்தால் அது எல்.பி. 7 ஆகிவிடும். 'டி எல்.பி. 7' என்று மட்டும் பொறித்த காகிள்ஸ் இந்த லேசருக்கு உதவாது, எண் பொருந்தினாலும். வாங்குபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த ஓர் எழுத்தைத்தான்.

5 விநாடி என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது கற்றையை உற்றுப் பார்க்கக் கொடுத்த அனுமதி ஆகாது. எதிர்பாராமல் பட்டால் விலகிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

இனி வகைகள். என்டி-யாக் ஆய்வகங்களில் அதிகம் காணப்படுவது 532, 1064 இரண்டையும் தடுக்கும் ஆரஞ்சு நிறப் பாலிகார்பனேட் காகிள்ஸ். எடை குறைவு, கீழே விழுந்தால் உடையாது, பக்கவாட்டு மறைப்பும் வார்ப்பிலேயே வந்துவிடும். கண்ணுக்கு வரும் வெளிச்சம் பெரும்பாலும் 30 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். அறை விளக்கை அணைக்காமல் வேலை செய்தால் இது போதும். 635 நானோமீட்டர் சிவப்பு டையோடை வழிகாட்டிக் கற்றையாக வைத்தால் இதன் வழியே நன்றாகத் தெரியும். பச்சையும் அகச்சிவப்பும் சேர்ந்து ஓடும் மேசைக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 355, 266 நானோமீட்டர் எடுக்கும் ஆய்வகங்களுக்கும் பெரும்பாலான ஆரஞ்சு வகைகள் பொருந்தும். ஆனாலும் அந்த எண்கள் பொறிப்பில் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு நம்புங்கள்.

532க்கு மட்டுமான ஆரஞ்சு காகிள்ஸும் சந்தையில் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே ஆய்வகத்தில் இந்த இரண்டையும் வைத்திருப்பதைவிட ஆபத்தான ஏற்பாடு குறைவு. கே.டி.பி. படிகத்திலிருந்து பச்சை வெளிவரும்போது, மாறாமல் மீந்த 1064உம் அதே பாதையில் கூடவே வரும். பச்சை மறைந்துவிட்டதைப் பார்த்து அணிந்தவர் பாதுகாப்பாக உணர்வார். கண்ணுக்குத் தெரியாத பாதி நேராக விழித்திரைக்குப் போகும். 1064 துடிப்பு பட்டவர்கள் பலர், ஒளி எதையும் பார்க்கவில்லை, கண்ணுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது என்றே சொல்லியிருக்கிறார்கள். 400 முதல் 1400 நானோமீட்டர் வரை கண்ணின் வில்லை ஒளியை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கிறது. கருவிழியில் விழும் அடர்த்தி அங்கே சுமார் ஒரு லட்சம் மடங்கு ஆகும். இதே கோளாறு மலிவான பச்சை லேசர் பாயின்டர்களிலும் உண்டு. அகச்சிவப்பு வடிகட்டி இல்லாமல் விற்கப்பட்ட ஒன்றைப் பற்றி அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2010இல் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டது.

1064 மட்டும் ஓடும் மேசை என்றால் வெளிர் பச்சை நிறத்தில் வரும் அகச்சிவப்புத் தடுப்பு வகையை வாங்குங்கள். இதில் பாதிக்கு மேல் வெளிச்சம் கண்ணுக்கு வரும். போட்டிருப்பதே மறந்துபோகும் என்று அணிபவர்கள் சொல்வதில் மிகையில்லை. உறிஞ்சும் கண்ணாடி வில்லை உள்ள வகை கனமானது, மூக்குப் பாலத்தில் தழும்பு விழும். ஆனால் கீறல் எளிதில் விழாது, பல ஆண்டு உழைக்கும். எல்லா வகையிலும் எங்களுக்கு மிகவும் பிடித்தது இந்த வெளிர் பச்சை வகைதான்.

டைட்டேனியம்-சஃபையர் லேசர்தான் கடினமான வாடிக்கையாளர். 1982இல் பீட்டர் மோல்ட்டன் இயக்கிக் காட்டிய இது, பின்னாளில் அதிவேகத் துடிப்பு ஆய்வின் முதுகெலும்பானது. சிக்கல்கள் மூன்று. முதலாவது அலைவரிசை அகலம்: துடிப்பு குறுகக் குறுக அதில் கலந்திருக்கும் அலைநீளங்கள் கூடும். 800 நானோமீட்டரை மையமாகக் கொண்ட 30 ஃபெம்டோவிநாடித் துடிப்புக்குக் குறைந்தது 31 நானோமீட்டர் அகலம் வேண்டும். 10 ஃபெம்டோவிநாடிக்கு 94. அதுவும் பாதி உயரத்தில் அளந்த அகலம். ஓரங்கள் இன்னும் வெளியே நீளும். '800 – ஓ.டி. 7' என்ற ஒற்றைப் புள்ளி எண் இங்கே எதையும் சொல்லாது; 700 முதல் 900 வரை எந்த அலைநீளத்தில் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் முழு வளைகோட்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது, உச்சத் திறன். பாலிமர் வில்லைக்குள் இருக்கும் சாயமூலக்கூறுகளைத் துடிப்பின் முன்பகுதியே நிரப்பிவிட்டால், பின்பகுதியைத் தடுக்க ஆள் இருக்காது. குறைந்த திறனில் அளந்த ஓ.டி. அப்போது சரிந்துவிடும். அதனால்தான் எம் பொறிப்பு இல்லாத எதையும், துடிப்பின் ஆற்றலைக் கூட்டும் பெருக்கிக்கு அருகில் அணியக்கூடாது. மூன்றாவது சிக்கல் உளவியல் சார்ந்தது. 800 நானோமீட்டர் கண்ணுக்கு மங்கிய சிவப்பாகத் தெரியும். பச்சையோடு ஒப்பிட்டால் அங்கே கண்ணின் உணர்திறன் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மங்கலாகத் தெரிவதால் 'சின்ன சிதறல்தான்' என்று புது மாணவர்கள் எண்ணுகிறார்கள். தெரியும் அளவுக்கு வந்துவிட்டது என்றாலே அது நிறைய.

இந்த லேசருக்கு ஆற்றல் ஊட்டும் (பம்ப் செய்யும்) 532ஐயும் சேர்த்துத் தடுக்கும் காகிள்ஸ் கிடைக்கிறது. அடர்பழுப்பு நிறம். வெளிச்சம் பல மாதிரிகளில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதற்குக் கீழே போனால் அறை வெளிச்சத்தைக் கூட்டவேண்டும் என்று தரமே சொல்கிறது. இதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஐரிஸைத் தேடியவர் கடைசியில் கழற்றுவார். எங்கள் யோசனை: பம்ப் கற்றையையும் படிகத்தைக் கடந்து மீளும் பச்சையையும் மூடிய பெட்டிக்குள் அடைத்து, உள்ளேயே உறிஞ்சவைத்து முடித்துவிடுங்கள் (டம்ப்). அதன்பின் பெட்டிக்கு வெளியே அகச்சிவப்புக்கு மட்டுமான, வெளிச்சமான காகிள்ஸ் போதும். பெட்டியைத் திறக்கும் நாளுக்கென்று அடர்பழுப்பு ஒன்றைத் தனியே வைத்திருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் லேசருக்கென ஈ.என். 208 என்ற அலைன்மென்ட் வகை உண்டு, ஆர்.பி. 1 முதல் ஆர்.பி. 5 வரை. கற்றையை முழுதாக மறைக்காமல் 1 மில்லிவாட்டுக்குக் கீழே இறக்கிக் காட்டும்; 0.25 விநாடியில் இமை மூடிக்கொள்ளும் என்ற கணக்கில் அமைந்தது. ஆர்.பி. 1 பத்து மில்லிவாட் வரை, ஆர்.பி. 2 நூறு மில்லிவாட் வரை, ஆர்.பி. 3 ஒரு வாட் வரை. தொடர் கற்றைப் பச்சை லேசருக்கு அருமையான தேர்வு. அகச்சிவப்புக்கு இந்த வகையே கிடையாது. இமை அனிச்சை அங்கே வேலை செய்யாது.

ஒளியை உறிஞ்சாமல் திருப்பியனுப்பும் டைஎலெக்ட்ரிக் பூச்சு வகையைப் பற்றிச் சுருக்கமாக: நேராகப் பார்க்கும்போது அற்புதம், சாய்வாக வரும் ஒளிக்குத் தடுப்பு வரிசை குறுகிய அலைநீளத்தை நோக்கி நகர்ந்துவிடும், ஒரு கீறல் விழுந்த இடத்தில் பாதுகாப்பே இல்லை. உறிஞ்சும் கண்ணாடியின் மேல் பூச்சு என்றால் பரவாயில்லை. பூச்சை மட்டும் நம்பியது வேண்டாம்.

இணையக் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு '200–540, 800–2000, ஓ.டி. 4+' என்ற ஒட்டுத்தாளுடன் வருபவற்றை வாங்கவே வாங்காதீர்கள். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் தனி எண் கிடையாது, சேதச் சோதனை கிடையாது, வளைகோடு கேட்டால் வராது. சிலர் அதை யூ.வி.-விசிபிள் நிறமாலைமானியில் வைத்துப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். அந்தக் கருவிகள் பலவற்றில் சிதறல் ஒளியால் ஓ.டி. 3, 4க்கு மேல் அளக்கவே முடியாது. 4இல் தட்டையாக நிற்கும் கோடு கருவியின் எல்லையைக் காட்டுகிறது, காகிள்ஸின் தரத்தைக் காட்டவில்லை. 1.5 கிலோவாட் ஃபைபர் லேசர் கொண்ட கைப்பிடி வெல்டிங் இயந்திரங்கள் பட்டறைகளுக்கு வந்தபிறகு இந்த மலிவுச் சரக்கு இன்னும் பரவியிருக்கிறது. ஒரு கிலோவாட் கற்றை 6 மில்லிமீட்டரில் விழுந்தாலே டி வகையில் எல்.பி. 7 தேவை. ஆர்க் வெல்டிங்குக்கான சாதாரணக் கறுப்புக் கண்ணாடிக்கு 1080 நானோமீட்டரில் எந்தச் சான்றும் இல்லை.

கற்றையைப் பார்க்கப் பயன்படுத்தும் அட்டையையும் காகிள்ஸோடு சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அகச்சிவப்பு அட்டைகளில் சில பச்சையாக ஒளிரும், சில ஆரஞ்சாக ஒளிரும். 532ஐத் தடுக்கும் ஆரஞ்சு காகிள்ஸ் போட்டவருக்குப் பச்சை அட்டை இருந்தும் இல்லாததுபோலத்தான். ஆரஞ்சாக ஒளிர்வது வேண்டும். அட்டை தெரியவில்லை என்று காகிள்ஸை ஒரு கணம் தூக்கிப் பார்ப்பதுதான் விபத்தின் தொடக்கம். அகச்சிவப்பு வடிகட்டியைக் கழற்றிய சாதாரண வெப்கேமிரா 800 நானோமீட்டரை நன்றாகக் காட்டும், 1064ஐக்கூட ஓரளவு காட்டும். மேசைமேல் அதை நிறுத்தித் திரையைப் பார்த்து வேலை செய்தால் தலையைக் கற்றையின் உயரத்துக்கு இறக்கவே வேண்டியதில்லை. கீழே விழுந்த அலன் கீயை எடுக்கக் குனிந்து எழும்போது கண் சரியாகக் கற்றையின் உயரத்தைக் கடக்கிறது. எழும்போது முகத்தை மேசைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் இரண்டையும் உள்ளே வரும்போதே கழற்றிவிட வேண்டும். அரை அலைத்தகடும் போலரைசரும் வைத்து ஆற்றலை அடிமட்டத்துக்கு இறக்கிய பிறகே முதல் மிரரைத் தொடவேண்டும்.

பவர் கண்ணாடி அணிபவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். மேலே போட்டுக்கொள்ளும் பெரிய வகை மலிவு. ஆனால் மூக்கின் இருபுறமும் இடைவெளி விழும், ஏ.சி. அறையிலும் ஆவி படியும். ஐந்து வருட ஆய்வுக்கு வருபவர் என்றால் உள்ளே பவர் வில்லை பொருத்தும் சட்டத்தை அவர் பெயரில் வாங்கிக் கொடுப்பது வீண்செலவு ஆகாது. கன்னத்தோடு ஒட்டாத காகிள்ஸில் ஓ.டி. எவ்வளவு இருந்தாலும், கீழிருந்து வரும் சிதறலுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. அணிந்தபடி தலையைக் குனிந்து, உள்ளிருந்து தரை தெரிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆப்டிக்ஸ் மேசையில் அசிடோன் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பாலிகார்பனேட்டைக் கெடுப்பதும் அதுதான்: ஒரு துடைப்பில் பனிபோல மங்கிவிடும். மிதமான சோப்புத் தண்ணீர், மென்துணி, அவ்வளவே. வில்லை கீழே பார்க்க வைக்காதீர்கள். புற ஊதா விளக்கின் கீழோ வெயில் படும் ஜன்னலிலோ வைத்தால் சாயம் நாளடைவில் வெளிறும். வருடம் ஒருமுறை ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குழி, மயிரிழை விரிசல், நிறமாற்றம் இருந்தால் இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள். உடைக்காமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி மாட்டிவைப்பார்கள்.

இந்தத் துறையில் வேலை மாறும்போது தேவையும் மாறுகிறது. ஆய்வு மாணவருக்கு ஒரே மேசை, ஒரே அலைநீளம். ஒரு நல்ல ஜோடி போதும். லேசர் நிறுவனத்தின் சர்வீஸ் பொறியாளர் வாரத்துக்கொரு ஊரில் வேறொரு இயந்திரத்தைத் திறப்பார். மூடி கழன்ற லேசரின் முன் நிற்பவர் அவர் என்பதால், 808 நானோமீட்டர் டையோடு பம்பையும் தடுக்கும் ஜோடி உட்பட இரண்டு மூன்று அவர் பெட்டியில் இருக்கவேண்டும். வாடிக்கையாளரின் காகிள்ஸை அவர் கடன் வாங்கக்கூடாது. பின்னாளில் லேசர் பாதுகாப்பு அதிகாரிப் பொறுப்புக்கு வருபவர், அறைக் கதவில் ஒட்டிய எச்சரிக்கைப் பலகையின் அலைநீளமும் பக்கத்தில் தொங்கும் காகிள்ஸின் பொறிப்பும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில் வேலையைத் தொடங்கலாம். போஸ்ட்-டாக் நேர்காணலுக்கு ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் அந்தக் கதவருகே கொஞ்சம் நில்லுங்கள். ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, பொறிப்பு படிக்க முடிகிறதா, விருந்தினருக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். குழுத்தலைவர் வெறுங்கண்ணோடு மேசையருகே போனால், அங்கே அடுத்த மூன்று ஆண்டு எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான தகவல் கிடைக்காது.

கொள்முதல் ஆணையில் இப்படி எழுதுங்கள்: '1064 நானோமீட்டரில் ஓ.டி. 6க்குக் குறையாமல், 532இல் ஓ.டி. 7க்குக் குறையாமல், ஈ.என். 207 அல்லது அதற்கு இணையான தரத்தின்படி ஆர் எல்.பி. 7; காட்சி வெளிச்சக் கடத்தல் 30 சதவீதத்துக்குக் குறையாமல்; பவர் கண்ணாடிக்கு மேல் அணியத்தக்கது; அலைநீளமும் தரமும் வில்லையிலோ சட்டத்திலோ நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும்; 190 முதல் 1100 வரையிலான கடத்தல் வளைகோடு இணைக்கப்பட வேண்டும்.' எண்களை உங்கள் லேசருக்கேற்ப மாற்றுங்கள். சரக்கு வந்தவுடன் பொறிப்பை ஆணையோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பொறிப்புக்குப் பதில் ஒட்டுத்தாள் இருந்தால், பில்லில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.